ஆண்டிச்சாமி வீட்டு ஆறு மணிச் செய்தி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். வெளியே தூறல் விழுகிறது, சாரல் படாத பக்கமாக இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மடியில் காராச்சேவு வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு கை கொடுங்கள். இன்றைக்கு ஒரு சத்தத்தின் கதை சொல்லப் போகிறேன். நம்ம பக்கத்தில் சத்தம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். பயப்படாதீர்கள், இது வெடிச் சத்தம் இல்லை. கதை முடியும்போது ஒருவர் விரலிலும் ஒரு கீறல் இருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் வேலுத்தாய் என்று ஒருத்தி. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பக்கத்துத் தெரு வழக்கை விசாரித்துக்கொண்டே அவள் விரல்கள் வேலை செய்யும்; ஒரு திரி பிசகாது. அவள் உடம்பிலேயே ஓய்வில்லாமல் உழைத்தது விரல் இல்லை, தொண்டைதான். பன்னிரண்டு வருஷமாக உழைத்தது. காரணம், அவள் புருஷன் ஆண்டிச்சாமியின் காது.

ஆண்டிச்சாமி அதே கம்பெனியில் போர்மேன். அதற்கு முன்னால், வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளுக்கு சாம்பிள் வெடி கொளுத்திக் காட்டுகிற வேலை பார்த்தவர். வெடித்ததெல்லாம் நல்ல சரக்கு. அதனால் இடது காது முழுதாகப் போயிற்று. வலது காதில் பாதி மிச்சம். யாராவது பேசினால், அடுத்த வீட்டுக்காரர் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும் என்பார். மதுரை டாக்டர் காதில் மாட்ட ஒரு மிஷின் கொடுத்தார். அதற்குள் பேட்டரி இருக்கிறது. வெடிமருந்து கலக்கும் ரூமுக்குள் பேட்டரியோடு போகலாமா? கூடாது. வீட்டில் மாட்டினால் அது விசில் அடித்தது. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அப்புறம் அவர் கண்டுபிடித்த வழி, தலையாட்டுவது. யார் என்ன சொன்னாலும், "ம், கேட்டுச்சு" என்று ஒரு ஆட்டு. எதிர்வீட்டு அய்யம்மாள் தன் ஆடு செத்துப்போன துக்கத்தைச் சொல்லி அழுதபோது, "நல்லது, நல்லது" என்று ஆட்டினார். அவள் மூன்று மாசம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் பானுப்பிரியா காலேஜில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவந்து மூச்சிரைக்கச் சொன்னபோது, "பாத்துப் போயிட்டு வா தாயி" என்று ஆட்டினார். பானு அப்போது சிரித்துவிட்டாள். அடுப்படிக்கு வந்து அம்மாவின் முந்தானையில் முகத்தைத் துடைத்தது வேலுத்தாய்க்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டிச்சாமியைப் போல கவனமான மனுஷரை இந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. அவர் ரூமுக்குள் நுழைகிற பெண்ணின் சேலையில் ஒரு ஊக்கு இருந்தாலும் கழற்றி வைக்க வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கை பட அமுக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். "இரும்பும் இரும்பும் ஒரசக் கூடாது" என்பது அவர் தினமும் சொல்லுகிற மந்திரம். அந்த மந்திரம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பீரோச் சாவிக் கொத்துக்கு நூல் சுற்றியிருப்பார். வெளிக்கதவுக் கொண்டிக்கு சைக்கிள் டியூபில் உறை போட்டிருப்பார். அய்யம்மாள் கேலி பேசுவாள்: "மதினி, ஒங்க தாலிச் சங்கிலிக்கும் ஒரு சட்டை தச்சுப் போடச் சொல்லுங்க."

தீபாவளி முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்த நேரம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் வேலுத்தாயின் தம்பி சங்கிலிமுத்து லீவில் வந்தான். வரும்போது தான் அங்கே வைத்திருந்த ஸ்டீரியோ செட்டையும் கொண்டுவந்தான். ஆளுக்குப் பாதி உயரத்தில் இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் கறுப்பாக ஒரு செட். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வயரை எடுத்தான். இரண்டு முனையிலும் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று பின்கள். ஒரு முனையை டி.வி.க்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த இரண்டு வளையங்களில் செருகினான். மறு முனையை செட்டில் செருகினான்.

"மச்சான், இங்கன ரெண்டு பொட்டிக்கும் நடுவுல வந்து ஒக்காருங்க. இனி டி.வி. சத்தம் இதுல வரும்."

ஆண்டிச்சாமி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேலுத்தாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். டி.வி.யில் ஒருவர் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏ வேலு, வெறகை உள்ள எடுத்து வையி. நாளைக்கு மழையாம்."

வேலுத்தாயின் கையில் வெங்காயம் நின்றது. "யாரு சொன்னா?"

"அந்தா, கட்டம் போட்ட சட்டைக்காரரு சொல்றாருல்ல. தென் மாவட்டத்துக்கெல்லாம் கனமழையாம்."

பன்னிரண்டு வருஷத்தில் டி.வி. சொன்னதை அவள் தொண்டை வழியாக இல்லாமல் அந்த மனுஷர் நேராகக் கேட்டது அன்றைக்குத்தான். வெங்காயத்தின் மேல் பழி போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் விறகை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் சங்கிலிமுத்து மாமியார் ஊரான தாயில்பட்டிக்குப் போய்விட்டான். மத்தியானத்துக்கு மேல் வேலுத்தாய் டி.வி.யைப் போட்டாள். செட்டையும் போட்டாள்.

குர்ர்ர் என்றது. தகர டப்பாவுக்குள் நூறு வண்டுகளைப் போட்டு மூடியது போல ஒரு இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு மனுஷக் குரல், வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொப்பளிக்கிற மாதிரி. நேற்று மழை சொன்ன அதே மனிதர்தான் இன்றைக்கும் வாயசைத்தார். ஒரு சொல் புரியவில்லை.

"கேக்குதாங்க?" என்று வலது காதில் கேட்டாள்.

"ம், கேக்குது" என்று ஆண்டிச்சாமி தலையாட்டினார்.

தலையாட்டியதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கேட்கவில்லை என்று.

போகட்டும், நமக்குக் கொடுத்துவைத்தது ஒரு நாள்தான் என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை பானு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். விருதுநகரில் இருக்கும் உள்ளூர் கேபிள் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமைச் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கல்யாணமாம். பானுவை வரச் சொல்லிவிட்டார்களாம். வருகிற ஞாயிறு ஆறு மணிக்கு, அங்கே உட்கார்ந்து வாசிக்க வாசிக்க இங்கே வீட்டுக்கு வீடு தெரியுமாம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"யப்பா, ஞாயித்துக்கிளமை நான் டி.வி.ல பேசப்போறேன். நீங்க சும்மா மண்டைய ஆட்டக் கூடாது. வீட்டுக்கு வந்ததும், நான் என்ன வாசிச்சேன்னு கேப்பேன். நீங்க சொல்லணும். சொல்லலைன்னா அடுத்த வாரம் போகமாட்டேன். நீங்க கேக்காத செய்திய நான் யாருக்கு வாசிக்க?"

ஆண்டிச்சாமி மகளின் முகத்தையே பார்த்தார். "ம், கேட்டுச்சு" என்று ஆட்டினார்.

பானு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அது. போகமாட்டேன் என்றால் போகமாட்டாள்.

அன்றிலிருந்து வேலுத்தாய்க்கு ஒரே வேலை. ஞாயிறு ஆறு மணிக்குள் அந்த வண்டுகளை விரட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அய்யம்மாள் வந்து பார்த்தாள். "டி.வி.ல சவுண்டு கூட இருந்தா அங்கன போயி செதறும் மதினி. டி.வி.யக் கொறைச்சு, செட்டைக் கூட்டுங்க." நல்ல யோசனைதான், செய்து பார்த்தார்கள். வண்டுகள் இன்னும் கொழுத்தன. இடது பெட்டியை வலது பக்கமும், வலது பெட்டியை இடது பக்கமும் மாற்றினார்கள். பெட்டிக்கு அடியில் கோணியை மடித்து வைத்தார்கள். கடைசியில் அய்யம்மாள், "எங்க வீட்டு டி.வி.க்கு ஒரு அடி போட்டாச் சரியாப் போகும்" என்று கையை ஓங்கினாள். வேலுத்தாய் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

புதன்கிழமை மெக்கானிக் யோபு வந்தான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருப்பவன். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன், சத்தத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் முகம் கோணிவிடும். அவன் வந்த நேரம் ஆண்டிச்சாமி வீட்டில் இல்லை. எல்லாருக்கும் லீவு, போர்மேனுக்கு ஏது லீவு? மழைக்கு எந்த ஷெட்டு ஒழுகுகிறது என்று பார்க்கக் கம்பெனிக்குப் போயிருந்தார்.

யோபு செட்டைப் போட்டுக் கேட்டான். காதைப் பொத்திக்கொண்டான். வயரை இரண்டு பக்கமும் பிடுங்கி, தன் பையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"வயரு போச்சு அக்கா. மீட்டரு அசையவே மாட்டேங்குது."

பையிலிருந்து புது வயர் ஒன்றை எடுத்துச் செருகினான். டி.வி.யில் ஒரு அம்மாள் மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்றதும், "ஒரு சிட்டிகை பெருங்காயம்" என்று அவள் சொன்னது, நம் அடுப்படியிலிருந்தே சொன்ன மாதிரி தெளிவாகக் கேட்டது.

"நீ நல்லா இருப்ப யோபு" என்று வேலுத்தாய் அவனுக்கு டீயும் காராச்சேவும் கொடுத்தாள். பழைய வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவன் போனான்.

மூன்று மணிக்கு ஆண்டிச்சாமி குடையோடு வந்தார். வேலுத்தாய் காதில் சொன்னாள்: "புது வயரு போட்டாச்சு. சத்தம் சரியாப் போச்சு."

"புது வயரா? நல்லாச் சொருகியிருக்கானா? பாக்குறேன்" என்று டி.வி.க்குப் பின்னால் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வேலுத்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான்கு குடம் பிடித்துவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஆசையாக செட்டைப் போட்டாள்.

குர்ர்ர்.

ஆண்டிச்சாமி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, அவள் மனசு கோணக் கூடாது என்று சிரித்த முகத்தோடு தலையாட்டினார். "ம், கேக்குது வேலு."

"என்ன கேக்குது?"

"அதான்... யாரோ மிக்ஸி ஓட்டுறாக."

டி.வி.யில் ஒரு சாமியார் கண்ணை மூடி உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காசு போட்டுப் பேசும் போனில் யோபுவைக் கூப்பிட்டாள். "அக்கா, நான் இருந்தாப் பாடுது, நான் போனா அளுவுது. பேசாம என்னைய வீட்டோட வச்சுக்கங்க" என்றான். அவனுக்கு வெள்ளிக்கிழமை அக்கா மகள் நிச்சயம், சனிக்கிழமை வருகிறேன் என்றான். சனிக்கிழமை பகல் பூராவும் மழை, பூராவும் கரண்டு இல்லை. ஞாயிறு சர்ச் முடித்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லி அனுப்பினான்.

அந்தச் சனிக்கிழமை, இருட்டடைந்த வீட்டுக்குள் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேலுத்தாய்க்கு ஒரு யோசனை வந்தது. செட்டு சரியாகாவிட்டால் என்ன? பானு வாசிப்பதை டி.வி.யின் சொந்தச் சத்தத்தில் நான் கேட்டுக்கொள்கிறேன். கேட்டதை இவர் காதில் கத்திக் கத்திப் பாடம் பண்ணிவிடுகிறேன். பிள்ளை வந்ததும் ஒப்பித்துவிடுவார். பிள்ளைக்கும் சந்தோஷம், வேலையும் போகாது.

கொஞ்ச நேரம் அந்த யோசனை இனிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் தொண்டையில் சிக்கியது. ஊர் உலகத்துச் சேதியெல்லாம் பன்னிரண்டு வருஷமாக நான்தானே இவருக்கு மென்று ஊட்டினேன். பெற்ற பிள்ளையின் குரலையுமா மென்று ஊட்ட வேண்டும்? அவளும் பொய்க்கு அல்லவா சந்தோஷப்படுவாள்? வேலுத்தாய் அந்த யோசனையை வெளியே ஓடுகிற மழைத் தண்ணீரில் விட்டுவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் பானு, அய்யம்மாள் மகளிடம் இரவல் வாங்கிய மாம்பழ நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறினாள். போகும்போது அப்பாவைப் பார்த்து, தன் காதைத் தொட்டு, பிறகு விரலை ஆட்டிக் காட்டினாள். தலையாட்டக் கூடாது என்று அர்த்தம். அப்பா தலையாட்டினார்.

ஐந்து மணி தாண்டி யோபு வந்தான். செட்டைப் போட்டு, அதே வண்டுகளைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"வயரு புதுசு. செட்டு நல்ல செட்டு. அப்ப டி.வி.க்குள்ளதான் ஏதோ இருக்கு. மூடியக் களத்திப் பாத்துர வேண்டியதுதான்."

"களத்தினா ஆறு மணிக்குள்ள மாட்டிருவியா?"

யோபு பையைத் திறந்தான். ஸ்குரூ டிரைவரை எடுத்தான். சுவரில் கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து காட்டியது.

"பொறு, பின்னால தூசியாக் கெடக்கும், தொடச்சு விடுறேன்" என்றாள் வேலுத்தாய். தூசி சாக்குத்தான். திறந்து போட்ட டி.வி.யைப் பார்க்கும் தைரியம் வர அவளுக்கு ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது. பழந்துணியை எடுத்துக்கொண்டு பின்னால் போய், சிவப்புப் பின்னைப் பிடுங்கினாள். துணியை விட்டு வெறும் விரலால் அந்த வளையத்தைத் தொட்டாள்.

இரும்பு இல்லை, தாள்.

நாளெல்லாம் தாளிலேயே புரளுகிற விரல் அல்லவா? பார்க்காமலே சொல்லிவிட்டது. திரிக்குச் சுற்றுகிற மெல்லிய தாள். ஒன்றரைச் சுற்று. ஓரத்தில் அரிசி மணி அளவு பசை. முடிவில் நகத்தால் உள்ளே தள்ளிய ஒரு மடிப்பு. அந்த மடிப்பை இந்தப் பூமியில் ஒரே ஒரு ஆள்தான் அப்படித் தள்ளுவார். கம்பெனிக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

"ஏங்க" என்றாள் வேலுத்தாய். கத்தவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஆண்டிச்சாமி எழுந்து வந்துவிட்டார்.

"இது யாரு வேலை?"

"நாந்தான் சுத்துனேன். ஏன், அவுந்துருச்சா?" என்றார் அவர், கவலையாக.

யோபு எட்டிப் பார்த்தான். வெள்ளை வளையத்திலும் அதே தாள். அதே அழகான சுற்று. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அன்னைக்கு நான் பளைய வயரைப் பிடுங்குனப்போ, மொதல்ல சுத்துன தாளு அந்தப் பின்னுக்குள்ளயே மாட்டிக்கிட்டு வந்துருக்கு. அதான் மீட்டரு அசையல. அண்ணாச்சி மறுபடியும் சுத்தியிருக்காக."

"எதுக்குங்க சுத்துனீக?" என்று வேலுத்தாய் காதில் கேட்டாள்.

ஆண்டிச்சாமி போர்மேன் குரலில், நிறுத்தி நிதானமாக விளக்கினார். "ஒன் தம்பி சொருகும்போது டப்புனு ஒரு பொறி தெறிச்சுச்சு. அவன் பாக்கல, நான் பாத்தேன். ராத்திரியெல்லாம் எனக்கு ஒறக்கமில்ல. விடிஞ்சதும் தாளச் சுத்திட்டேன். நடு ஓட்டையிலதான் சத்தம் போகுது, அதுல நான் கையே வைக்கல. வெளிய இருக்குறது வெறும் வளையம். இரும்பும் இரும்பும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிது. அதுக்கு நடுவுல ஒரு தாளு இருந்தா ரெண்டுக்கும் நல்லது. நம்ம வீட்டுல பொறி ஆகாது வேலு."

"அண்ணாச்சி, அது வெறும் வளையம் இல்ல. அதுதான் எர்த்து. அது தொடலைன்னா சத்தம் இப்பிடித்தான் கத்தும்" என்றான் யோபு.

"ம், கேட்டுச்சு" என்று ஆண்டிச்சாமி தலையாட்டினார்.

கேட்கவில்லை. கடிகாரம் ஐந்து நாற்பத்தைந்து. யோபு இன்னும் பலமாகக் கத்த வாயைத் திறந்தான். வேலுத்தாய் அவனைக் கையமர்த்தினாள். பன்னிரண்டு வருஷம் கத்திப் பார்த்தவள், இன்றைக்கு அவளுக்கே கத்தப் பிடிக்கவில்லை. புருஷனின் வலது கையைப் பிடித்தாள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், அவர் உள்ளங்கையை விரித்து, சுவரில் பட்டென்று அமுக்கினாள். ஒரு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு கையை எடுத்து, அந்த வளையத்தைச் சுட்டிக் காட்டினாள்.

ஆண்டிச்சாமி தன் கையைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார்.

"செம்புத் தகடா?"

வேலுத்தாய் ஆமாம் என்றாள்.

"அடப்பாவி மனுசா" என்று அவர் தன்னையே சொல்லிக்கொண்டார். "ஒரு வாரமா சத்தத்தத் தகடத் தொடாமலா உள்ள அனுப்பிச்சேன். கம்பெனியில ஒரு ஆளு அப்பிடி வந்தா நான் சும்மா விடுவேனா?"

அப்புறம் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவப்பு, வெள்ளை இரண்டிலும் இருந்த தாளை நகத்தால் உரித்து, ஒட்டியிருந்த பசையை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தார். பின்களுக்குள் மாட்டியிருந்த துணுக்குகளை ஈர்க்குச்சியால் எடுத்தார். செருகப் போகும்போது நிறுத்திவிட்டார்.

"கதவு ஜன்னலைத் தெற. வேலு, ஒரு வாளி தண்ணி. அந்த மூலையில மணல் இருக்கு, சட்டியில அள்ளிட்டு வா. எல்லாரும் செருப்பக் களத்திட்டு வாசப் பக்கம் நில்லுங்க. மெயின அமத்துங்க."

"அண்ணாச்சி, இது டி.வி.ங்க, ராக்கெட் இல்ல" என்றான் யோபு.

"எதுன்னாலும் முறை முறைதான். ஏலே, ஒன் இடுப்புச் சாவிய அங்கன வையி."

யோபு சாவியைக் கழற்றி வைத்தான். வாசலில் வேடிக்கை பார்க்க வந்த அய்யம்மாள், யாரும் சொல்லாமலே கையிலிருந்த சில்வர் டம்ளரைக் கீழே வைத்தாள். ஆண்டிச்சாமி வாசல் நிலையின் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்து, சிவப்பைச் செருகினார். வெள்ளையைச் செருகினார். மெயினைப் போட்டார்கள். ஐந்து ஐம்பத்தெட்டு.

வண்டு ஒன்றுகூட இல்லை. மணியும் மேளமும் கலந்த ஒரு இசை வந்தது. அது முடிந்ததும் மாம்பழ நிறப் புடவையில் பானு வந்தாள்.

"வணக்கம். விருதுநகர் மாவட்டச் செய்திகள். வாசிப்பது பானுப்பிரியா."

ஆண்டிச்சாமி வலது பெட்டியின் மேல் கையை வைத்து, காதைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். பிறகு நகர்ந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைப்புச் செய்திகள் ஓடின. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. கண்மாய் நிரம்பியது. பஸ் நேரம் மாறியது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா. வேலுத்தாய் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது புருஷனின் தலையை. அது ஆடவில்லை. பதினைந்து நிமிஷமும், ஒரு தரம்கூட, அது ஆடவே இல்லை.

எட்டு மணி வாக்கில் பானு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கேட்க வேண்டும் என்று வந்தவளுக்குக் கேட்கப் பயமாக இருந்தது. அம்மாவின் முகத்தில் எதையாவது பார்க்கலாம் என்றால், அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இது அவர்கள் இரண்டு பேரின் பேச்சு, இதில் தன் தொண்டைக்கு வேலை இல்லை என்று.

பானு அப்பாவின் வலது காதுப் பக்கம் குனிந்தாள். "யப்பா, நான் என்ன வாசிச்சேன்?"

ஆண்டிச்சாமி விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார். வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாய் நிரம்பியது. சாத்தூர் பஸ் கால் மணி நேரம் முன்னால் கிளம்புவது. ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பேர். அவள் அப்பா பேர். கத்தரிக்காய் விலை.

"மூணாவது செய்திக்கு அப்புறம் தண்ணி குடிச்சியா தாயி? முளுங்குற சத்தம் கேட்டுச்சு."

பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத, ஒண்ணு கேக்கணும். தலைப்புல அஞ்சு செய்தி சொன்ன. ஆலங்குளத்துல கண் ஆசுபத்திரி முகாம்னு சொன்ன. உள்ள அத வாசிக்கவே இல்ல. தாளத் திருப்புனப்போ ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டுத் திரும்புச்சு. சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. ஒரு தாளு திரும்புனா அப்பிடி கனமாக் கேக்காது."

பானுவின் சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பையைத் திறந்து, வாசித்த தாள்களை எடுத்தாள். நான்காவது தாளும் ஐந்தாவது தாளும் மைப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தாள். ஆலங்குளம் உள்ளே பத்திரமாக இருந்தது, பதினைந்தாம் தேதி முகாம் என்று.

"ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியலப்பா" என்றாள். "எனக்கே தெரியல." அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாம்பழ நிறப் புடவையில் கண்ணீர் விழுந்தது. அய்யம்மாள் மகளிடம் துவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"அடுத்த வாரம் அதையும் சேத்து வாசிச்சுரு" என்றார் ஆண்டிச்சாமி. "முகாம் பதினஞ்சாந் தேதின்னா இன்னும் நாளு இருக்கு."

அடுத்த வாரமும் பானு போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். கம்பெனி பூஜை போட்டுத் திறந்து சீசன் வேலை சூடு பிடித்த பிறகும், ஞாயிறு ஆறு மணிக்கு அந்த வீட்டில் இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். செட்டைப் போடுவதற்கு முன்னால் நிலைக்கம்பியை உள்ளங்கையால் ஒரு தரம் தொடுவார். யோபு கேலி செய்தான், அய்யம்மாள் கேலி செய்தாள். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது, வேலுத்தாய் செட்டைப் போடப் போனாள். போகிற வழியில் அவள் கையும் தன்னையறியாமல் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. தூறல் விட்டிருக்கிறது, மெதுவாக எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் பேசுகிறவர்கள் தொண்டை நோகாமல் பேசட்டும், கேட்கிறவர்கள் ஒரு சொல் விடாமல் கேட்கட்டும். வேலைக்குப் போன கால்கள் அத்தனையும் போனபடியே சாயங்காலம் வாசலுக்குத் திரும்பட்டும். உங்கள் அடுப்பில் தவிர வேறெங்கும் பொறி பறக்காமல், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.